அமெரிக்க விவசாய மானியம்: பணம் யாருக்கு, எந்தக் கணக்கில்?

2025 டிசம்பர் 8 அன்று அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு 12 பில்லியன் டாலர் உதவி அறிவித்தது. அதே ஆண்டில்தான் அங்கே மக்காச்சோளம் இதுவரை இல்லாத அளவுக்கு விளைந்திருந்தது. அமோக விளைச்சலும் நிவாரணமும் ஒரே பருவத்தில் எப்படி வரும் என்று செய்தியைப் படித்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, எந்தக் கவுண்டிக்கு, அதாவது மாநிலத்துக்குக் கீழே உள்ள எந்த நிர்வாகப் பிரிவுக்கு, எத்தனை மில்லியன் போனது என்ற பட்டியல்களும் வெளியாகின்றன. அவற்றில் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

நாடு முழுவதற்குமான எண்களை வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்வது கடினம். ஒரே ஒரு கவுண்டியை எடுத்துக்கொள்வோம். அயோவா மாநிலத்தின் வட எல்லையில், மினசோட்டாவை ஒட்டி இருக்கிறது கொசூத் கவுண்டி. அயோவாவின் 99 கவுண்டிகளில் பரப்பளவில் இதுதான் பெரியது. தலைமையிடம் அல்கோனா. மக்காச்சோளம், சோயாபீன், பன்றி வளர்ப்பு ஆகிய மூன்றும்தான் அங்கே பிழைப்பு. 1940-களில் 26,000 பேருக்கு மேல் வாழ்ந்த இடத்தில் இப்போது 15,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். நிலம் அப்படியே இருக்கிறது, உழுபவர்கள் குறைந்துவிட்டார்கள். மானியக் கணக்கைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

கவுண்டி அலுவலகத்தில் நடப்பது

மானியப் பணம் வாஷிங்டனிலிருந்து வந்தாலும், பதிவு, சரிபார்ப்பு, விண்ணப்பம் எல்லாம் கவுண்டி அளவிலேயே நடக்கின்றன. மத்திய வேளாண் துறையின் கீழ் வரும் பண்ணைச் சேவை முகமைக்கு, அதாவது எஃப்.எஸ்.ஏ.வுக்கு, ஊரகக் கவுண்டிகளில் பெரும்பாலும் ஓர் அலுவலகம் இருக்கும்.

விதைப்பு முடிந்ததும் விவசாயி அங்கே போக வேண்டும். வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் அவருடைய வயல்களின் எல்லை வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண்ணில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், எந்தத் தேதியில் விதைத்தது, விளைச்சலில் யாருக்கு எத்தனை பங்கு என்பதையெல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். வசந்தகாலப் பயிர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 15. அந்தத் தாள் இல்லாமல் எந்த மானியமும் நகராது.

அலுவலகத்துக்கு மேலே ஒரு கவுண்டிக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களை உள்ளூர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்க நல்ல ஜனநாயகம்தான். ஆனால் தென் மாநிலங்களில் இந்தக் குழுக்கள் பல பத்தாண்டுகள் வெள்ளைக்கார நில உடைமையாளர்களின் கையில் இருந்தன. கடனுக்கும் உதவிக்கும் வந்த கறுப்பின விவசாயிகள் இழுத்தடிக்கப்பட்டார்கள், திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்தப் பாகுபாட்டுக்கு எதிரான பிக்ஃபோர்டு வழக்கு 1999-இல் சமரசத்தில் முடிந்தது. விடுபட்டவர்களுக்காக 2010-இல் 1.25 பில்லியன் டாலருக்கு இன்னொரு சமரசம் தேவைப்பட்டது. உள்ளூர் நிர்வாகம் என்பதாலேயே நியாயம் நடந்துவிடும் என்று எண்ணக் கூடாது என்பதற்கு இது வலுவான சான்று.

அடிப்படை ஏக்கர்: இதைப் பிடித்தால் மீதி விளங்கும்

அமெரிக்க மானியத்தில் பெரும் குழப்பம் தருவது இந்த ஏற்பாடுதான். கொசூத்தில் ஒருவர் இந்த ஆண்டு 200 ஏக்கரில் சோயாபீன் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலத்துக்கு எஃப்.எஸ்.ஏ. பதிவேட்டில் 200 ஏக்கர் "மக்காச்சோள அடிப்படை" இருந்தால், சட்டப்படியான முக்கியத் திட்டங்களில் அவருக்கு மக்காச்சோளக் கணக்கில்தான் பணம் வரும். வயலில் நிற்பது சோயாபீனாக இருந்தாலும் அப்படித்தான்.

அடிப்படை ஏக்கர் என்பது அந்த நிலத்தில் முன்பு என்ன பயிரிட்டார்கள் என்ற பழைய பதிவு. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு முறை அதைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள். 2014-இல், இருக்கும் ஏக்கரைப் பயிர்களுக்கிடையே மாற்றி எழுத அனுமதித்தார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய வரி, செலவுச் சட்டத்தில் நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிதாகச் சேர்க்க வழி செய்தார்கள். மற்றபடி அந்தப் பதிவு நிலத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். நிலத்தை விற்றால் அதுவும் சேர்ந்து கைமாறும்.

இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. இன்றைய பயிருக்கு மானியம் என்றால் எல்லோரும் மானியம் வரும் பயிரையே போடுவார்கள், சந்தை கெட்டுவிடும், உலக வர்த்தக அமைப்பிலும் சிக்கல் வரும். பழைய கணக்கில் கொடுத்தால் விதைப்பு முடிவை அது பாதிக்காது என்பது வாதம். வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் விளைவு என்னவென்றால், பணம் பயிரை விட்டு, உழைப்பை விட்டு, நிலத்தைப் பிடித்துக்கொண்டது. அடிப்படை ஏக்கர் இல்லாத நிலத்தில் புதிதாக விவசாயம் தொடங்கும் இளைஞருக்கு இந்த வழியில் ஒரு சென்ட் கூட வராது. அடிப்படை ஏக்கரில் காய்கறி, பழம் என்று மாற்றிப் போட்டுப் பார்க்க நினைப்பவருக்கும், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மானியம் வெட்டுப்படும்.

இரண்டு திட்டங்கள், இரண்டு கணக்குகள்

அடிப்படை ஏக்கருக்குப் பணம் வரும் வழி இரண்டு. விவசாயி ஒவ்வொரு பயிருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது அதிகமோ அது தானாகவே கிடைக்கும் என்று புதிய சட்டம் சொல்லிவிட்டது.

1. விலை இழப்பு ஈடு, அதாவது பி.எல்.சி. சட்டத்தில் ஒவ்வொரு பயிருக்கும் ஓர் ஆதார விலை எழுதப்பட்டிருக்கிறது. மக்காச்சோளத்துக்கு ஒரு புஷலுக்கு 3.70 டாலராக இருந்ததை 2025 சட்டம் 4.10 ஆக்கியது, சோயாபீனுக்கு 8.40-ஐ 10.00 ஆக்கியது. ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25.4 கிலோ. நாட்டின் சராசரிச் சந்தை விலை ஆதார விலைக்குக் கீழே போனால், வித்தியாசத்தை அரசு தரும். கணக்கு இப்படி: எளிமைக்காக ஆதார விலை 4.10, சராசரி விலை 3.90 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 20 சென்ட். பதிவேட்டில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 160 புஷல். 200 அடிப்படை ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான் பணம், அதாவது 170 ஏக்கர். மூன்றையும் பெருக்கினால் 5,440 டாலர். இதில் அந்த விவசாயி உண்மையில் எவ்வளவு அறுத்தார், எந்த விலைக்கு விற்றார் என்பது எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2. வருவாய் ஈடு, அதாவது ஏ.ஆர்.சி. கவுண்டியின் எல்லை உண்மையில் பணத்தைத் தீர்மானிக்கும் இடம் இது. கவுண்டியின் கடந்த ஐந்தாண்டு விளைச்சலில் மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் நீக்கிவிட்டுச் சராசரி எடுப்பார்கள். விலைக்கும் அப்படியே ஐந்தாண்டுச் சராசரி. இரண்டையும் பெருக்கினால் வழக்கமான வருவாய். இந்த ஆண்டு கவுண்டியின் வருவாய் அதில் 90 சதவீதத்துக்குக் கீழே விழுந்தால், விழுந்த அளவை அரசு ஈடுகட்டும். ஆனால் வழக்கமான வருவாயில் 12 சதவீதம் வரைதான். 2025-க்கு முன்பு இவை 86, 10 என்று இருந்தன.

பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகளுக்குள் ஏன் வித்தியாசம் வருகிறது என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது. எளிமைக்காக இரண்டு கவுண்டிகளுக்கும் வழக்கமான விளைச்சல் ஏக்கருக்கு 200 புஷல், வழக்கமான விலை 4.50 டாலர் என்று கொள்வோம். வழக்கமான வருவாய் 900 டாலர், அதில் 90 சதவீதம் 810. இந்த ஆண்டு விலை 4.00. முதல் கவுண்டியில் 210 புஷல் விளைந்தால் வருவாய் 840, பணம் இல்லை. இரண்டாவதில் நேரத்துக்கு மழை பெய்யாமல் 190 புஷல் என்றால் வருவாய் 760. ஏக்கருக்கு 50 டாலர் ஈடு, இங்கும் 85 சதவீத ஏக்கருக்குத்தான் பணம் என்பதால் 42.50. நடுவில் ஒரு மண்சாலைதான் எல்லை. சாலைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் இருப்பவருக்குக் காசோலை.

இதற்குள் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. கணக்கில் வருவது கவுண்டிச் சராசரி. கொசூத்தின் ஒரு மூலையில் ஆலங்கட்டி மழை அடித்து ஒருவருடைய வயல் மொத்தமும் படுத்துவிட்டது, மற்ற இடமெல்லாம் நன்றாக விளைந்தது என்றால், அவருக்கு ஏ.ஆர்.சி. மூலம் எதுவும் வராது. அதுபோலவே, கவுண்டி முழுக்க விளைச்சல் குறைந்த ஆண்டில் இவருக்கு மட்டும் நன்றாக விளைந்தாலும் பணம் வந்து சேரும்.

இந்தப் பணம் உடனே வருவதும் இல்லை. மக்காச்சோளத்தின் சந்தை ஆண்டு அடுத்த ஆகஸ்ட் 31 வரை ஓடும். அது முடிந்தால்தான் சராசரி விலை தெரியும். ஆகவே 2025-இல் அறுத்ததற்கு 2026 அக்டோபரில்தான் பணம். உதவி தேவைப்பட்ட நேரத்துக்கும் உதவி வரும் நேரத்துக்கும் ஓராண்டு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அரசியல் நுழைகிறது.

அவ்வப்போது அறிவிக்கும் உதவிகள்

2018-இல் சீனாவோடு வர்த்தகப் போர் தொடங்கியதும் அமெரிக்க சோயாபீனுக்கு சீனா வரி போட்டது. அதற்கு ஈடாக ஒரு சந்தை உதவித் திட்டம் வந்தது. இதற்கு நாடாளுமன்றம் தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. பெருமந்தக் காலத்தில், 1933-இல் உருவான பண்டக் கடன் கழகம் என்ற அரசு அமைப்புக்கு 30 பில்லியன் டாலர் வரை கடன் வாங்கும் அதிகாரம் இருக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆண்டில் சோயாபீனுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு வெறும் 1 சென்ட். மக்காச்சோளக்காரர்கள் கொதித்தார்கள்.

2019-இல் முறையையே மாற்றி, கவுண்டிக்கு ஒரே விகிதம் என்றார்கள். கவுண்டியின் பழைய பயிர்க் கலவையையும் விளைச்சலையும் வைத்து ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை நிர்ணயித்தார்கள். தகுதியான எந்தப் பயிரைப் போட்டிருந்தாலும் அந்தக் கவுண்டியில் ஒரே தொகை. உச்சத் தொகை தெற்கின் பருத்திக் கவுண்டிகளுக்குப் போனது. கவுண்டிகளுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு வந்ததற்கு அந்தச் சூத்திரமே காரணம். வர்த்தகப் போரில் யாருக்கு எவ்வளவு அடி என்பதை அது துல்லியமாக அளக்கவில்லை. பெருந்தொற்று உதவிகளும் சேர்ந்து, 2020-இல் விவசாயிகளுக்கு அரசு நேரடியாகக் கொடுத்தது 45 பில்லியன் டாலருக்கும் மேல்.

இப்போது 2025-க்கு வருவோம். அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை சீனா அமெரிக்க சோயாபீனை வாங்குவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது. அக்டோபர் 30-இல் பூசான் நகரில் இரு நாட்டு அதிபர்களும் சந்தித்த பிறகுதான் திரும்ப வாங்க ஒப்புக்கொண்டது. மக்காச்சோளமோ அளவுக்கு மீறி விளைந்து விலையைக் கீழே இழுத்தது. உரம், விதை, குத்தகைச் செலவுகள் அந்த அளவுக்கு இறங்கவில்லை. விளைச்சல் கூடினாலும் கையில் நிற்பது குறையும் என்பது இப்படித்தான். ஆரம்பத்தில் சொன்ன குழப்பத்துக்கு விடையும் இதுவே: களஞ்சியம் நிறைந்தது, விலை சரிந்தது, உதவி விலைக்காகக் கொடுக்கப்பட்டது.

டிசம்பர் அறிவிப்பில் 11 பில்லியன், இப்படிப்பட்ட வயல் பயிர்களுக்கு. 2025-இல் விதைத்ததாகப் பதிவான ஏக்கருக்கு மக்காச்சோளம் என்றால் 44.36 டாலர், சோயாபீன் என்றால் 30.88. கவுண்டி வித்தியாசம் இல்லை, அடிப்படை ஏக்கரும் இல்லை. பயிருக்கு 250 ஏக்கர் வீதம் போட்டவருக்கு 18,810 டாலர் வரும். பத்து மடங்கு நிலம் உழுபவருக்குப் பத்து மடங்கு, அதாவது 1,88,100. உச்சவரம்பு என்று ஒன்று இல்லாவிட்டால்.

உச்சவரம்பு எவ்வளவு உறுதி?

ஒருவருக்கு 1,25,000 டாலருக்கு மேல் கூடாது என்று 2014 முதல் இருந்த வரம்பை 2025 சட்டம் 1,55,000 ஆக உயர்த்தியது. டிசம்பர் உதவிக்கும் இதே தொகைதான் வரம்பு. ஆண்டு வருமானம் சராசரியாக 9,00,000 டாலரைத் தாண்டினால் தகுதி இல்லை. காகிதத்தில் இது கண்டிப்பாகவே இருக்கிறது. நடைமுறையில் மூன்று வழிகளில் அது இளகுகிறது.

1. கணவனும் மனைவியும் தனித்தனி நபர்கள். மேலே சொன்ன 1,88,100 டாலர்காரருக்கு மனைவி பெயரும் சேர்ந்தால் வரம்பு 3,10,000 ஆகிறது. முழுப் பணமும் கிடைத்துவிடும்.

2. பண்ணையைக் கூட்டாண்மையாகப் பதிவு செய்தால் ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஒரு வரம்பு. விவசாயத்தில் ஈடுபடுகிறார் என்று காட்டினால் போதும். நிர்வாக யோசனை சொல்வதும் ஈடுபாடுதான். குடும்பக் கூட்டாண்மையில் யாரெல்லாம் சேரலாம் என்ற பட்டியலில் 2018 சட்டம் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளையும் உடன்பிறந்தார் பிள்ளைகளையும் சேர்த்தது.

3. பயிர்க் காப்பீட்டுக்கு இந்த வரம்பே கிடையாது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

காப்பீட்டை விற்பவை தனியார் நிறுவனங்கள். ஆனால் பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேல் அரசு கட்டுகிறது. சிகாகோ முன்பேரச் சந்தையின் பிப்ரவரி மாத விலையையும் விவசாயியின் சொந்த விளைச்சல் பதிவையும் வைத்து வருவாய்க்கு உத்தரவாதம் தருவார்கள். 2020 ஆகஸ்ட் 10-இல் அயோவாவைக் குறுக்காகப் புரட்டிப்போட்ட பெரும் புயல்காற்றில் மக்காச்சோளம் சாய்ந்தபோது, பலரைத் தாங்கியது இதுதான். ஆலங்கட்டி மழையில் தனியாக நஷ்டப்பட்டவருக்கும் கைகொடுப்பது இதுதான். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் எவ்வளவு பெரிய பண்ணையோ அவ்வளவு பெரிய மானியம். யாருக்கு எவ்வளவு என்று பெயரோடு வெளியிடுவதும் இல்லை. எனவே கவுண்டிவாரியாக வரும் பெயர்ப் பட்டியல்களைப் பார்க்கும்போது, மானியத்தின் ஒரு பெரிய துண்டு அதில் இல்லை என்று நினைவில் வையுங்கள். அப்படி இருந்தும், 1995 முதலான பட்டியல்களைத் தொகுத்த சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற அமைப்பு, பயிர் மானியத்தில் முக்கால் பங்குக்கும் மேல் மேலடுக்குப் பத்து சதவீதத்தினருக்கே போயிருக்கிறது என்று காட்டியது.

குத்தகை வழியே கசியும் பணம்

அயோவாவின் விவசாய நிலத்தில் பாதிக்கும் மேல் உழுபவருக்குச் சொந்தமில்லை, குத்தகைதான். 2022-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் எடுத்த கணக்கெடுப்பின்படி, மூன்றில் இரண்டு பங்கு நிலம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இருக்கிறது. அவர்களில் பலர் உழவை விட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. சிலர் வேறு மாநிலத்தில் இருக்கிறார்கள்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற பேச்சில், நிலத்தை விட்டால் விளைச்சலைப் போலவே மானியமும் பங்கு பிரியும். பணக் குத்தகை என்றால் நஷ்டத்தைச் சுமப்பவர் உழுபவர் என்பதால் மானியம் முழுவதும் அவருக்கே. ஆனால் நிலத்துக்குப் போட்டி கடுமையாக இருக்கும் கொசூத் போன்ற இடத்தில், ஏக்கருக்கு 40 டாலர் உதவி வரும் என்று தெரிந்தால், குத்தகை பேசும்போது அதுவும் பேச்சில் வந்துவிடும். நான் தர மாட்டேன் என்றால் பக்கத்துப் பண்ணைக்காரர் தரத் தயாராக இருப்பார். முழுப் பணமும் போய்விடுவதில்லை, ஒரு பகுதி குத்தகையாகவும் நிலத்தின் விலையாகவும் மாறுகிறது என்பது பொருளியல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. நிலத்தின் விலை ஏறினால் புதிதாக வாங்க வருபவருக்குக் கதவு இன்னும் கொஞ்சம் சாத்தப்படுகிறது.

இது இன்று முளைத்த நோய் அல்ல. 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு முதல் விவசாய மானியச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, பருத்திப் பரப்பைக் குறைப்பவர்களுக்குப் பணம் தந்தது. ஒப்பந்தம் நில உடைமையாளரோடுதான். ஆர்கன்சாவின் பாய்ன்செட் கவுண்டியிலும் சுற்றுப்புறத்திலும் பண்ணையார்கள் பணத்தை வைத்துக்கொண்டு, வாரத்துக்கு உழுத குடும்பங்களை வெளியேற்றினார்கள். பரப்பு குறைந்த பிறகு அவர்கள் எதற்கு என்பதுதான் கணக்கு. 1934 ஜூலையில் அதே கவுண்டியின் டைரன்சா ஊருக்கு அருகே, 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் ஒரே அறையில் கூடித் தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். நிறம் பிரித்து வைக்கப்பட்டிருந்த அந்த மண்ணில் அப்படி ஒரே சங்கமாகச் சேர்வது உயிருக்கு ஆபத்தான காரியம். வெளியேற்றப்பட்டவர்களுக்கு அதைவிட வேறு வழி இருக்கவில்லை.

அன்றிலிருந்து சட்டம் எவ்வளவோ மாறிவிட்டது. குத்தகைக்காரரின் பெயரில்தான் இன்று காசோலை வருகிறது. இருந்தாலும் தேதிகளைப் பாருங்கள். அயோவாவில் குத்தகை ஆண்டு மார்ச் 1-இல் தொடங்குகிறது. வழக்கமாகக் குத்தகைப் பணத்தில் பாதியை அன்றே கட்ட வேண்டும். டிசம்பரில் அறிவித்த உதவித் தொகை விவசாயிகளின் கணக்கில் வந்து சேர வேண்டும் என்று வேளாண் துறை குறித்த கெடு, 2026 பிப்ரவரி 28.